பூவுக்கும் ஒரு தவணை உண்டு



எமதூர் ராத்தா ஒருவர் ஒருநாள் மனவருத்தத்தோடு என்னிடம் வந்தார். இங்கிலாந்தில் வாழும் மகள் கொண்டுவந்து கொடுத்த டியூலிப் கிழங்குகளைச் சாடியில் நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இலை வந்தது, பூ வரவில்லை. "அடுத்த வீட்டுக்காரி பார்த்து ஆசைப்பட்டா, மௌலவி. கண்ணூறு பட்டிருக்குமோ?" என்று கேட்டார். அந்தப் பெண்ணோடு பேச்சையும் நிறுத்தியிருந்தார்.

கண்ணூறு உண்மை என்பது ஹதீஸில் வந்திருக்கிறது. ஆனால், காரணத்தை ஆராயாமல் பிறர்மீது கெட்ட எண்ணம் கொள்வது பாவம் என்பதும் மார்க்கம் சொன்னதுதான். அந்தக் கிழங்கு பூக்காததற்குக் காரணம் அயல்வீட்டுப் பெண் அல்ல. எமது நாட்டின் வெப்பமே.

டியூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைகள். 12 முதல் 16 கிழமைகள் வரை குளிரில் கிடந்தால்தான் அதன் பூத்தண்டு ஒழுங்காக நீண்டு மொட்டை மேலே தூக்கும். துருக்கியர் இதனை 'லாலே' என்பர். அரபு எழுத்தில் எழுதினால் 'அல்லாஹ்' என்ற திருநாமத்திலுள்ள அதே எழுத்துக்களே அதிலும் வரும். உஸ்மானியக் கலைஞர்கள் இப்பூவை மிகவும் நேசித்தார்கள். இஸ்தான்பூலின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலின் வண்ண ஓடுகளில் இன்றும் அதைக் காணலாம்.

அந்த மகள் வாழும் இங்கிலாந்தில் வசந்தத்துக்கு முன்னறிவிப்பாக வருவது ஸ்னோட்ரொப் என்ற சிறிய வெள்ளைப் பூ. ஜனவரி, பெப்ரவரியிலேயே பனியைத் துளைத்துக்கொண்டு வருகிறது. முந்திய வருடம் கிழங்கில் சேமித்த உணவே அதற்கு ஆதாரம். வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்கு உயர்ந்தால் வெளியிதழ்களை விரிக்கும். தேனீக்கள் வெளியே வருவதும் அத்தகைய வேளையில்தான்.

பலஸ்தீன், ஜோர்தான் பகுதிகளின் நிலை வேறு. அங்கே கடினமான பருவம் குளிர்காலம் அல்ல, மழையற்ற கோடை. அரபிகள் 'ஷகாயிகுன் நுஃமான்' என்றழைக்கும் சிவப்புப் பூவின் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுள் உறங்குகிறது. மாரி மழையில் விழித்து, பெப்ரவரி, மார்ச்சில் மலைச்சரிவுகளைச் சிவக்க வைக்கிறது. வாதுமை மரமோ இலை வருமுன்பே பூத்துவிடும்.

இனி, சவூதியின் வடபுறப் பாலைவனத்தைப் பாருங்கள். விதைகள் வருடக்கணக்கில் மணலில் காத்துக் கிடக்கின்றன. பாலைவன விதைகள் பலவற்றின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் பொருள் உண்டு. சிறு தூறல் அதைக் கழுவாது. நல்ல மழைதான் கழுவும். ஒக்டோபர் நடுப்பகுதியில் தொடங்கும் 'வஸ்மீ' பருவ மழை போதுமான அளவு பெய்தால், வசந்தத்தில் 'குஸாமா' பூத்து மணல்வெளி ஊதா நிறமாகும். செத்த பூமி மழையால் உயிர்பெறுவதை அல்குர்ஆன் பல இடங்களில் மறுமைக்கு அத்தாட்சியாகக் காட்டுவது அப்போது நினைவுக்கு வரும்.

ஒரு பூ குளிருக்காகக் காத்திருக்கிறது, இன்னொன்று மழைக்காக. ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ் ஒரு காரணத்தையும் ஒரு தவணையையும் வைத்திருக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்!

ராத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அடுத்த முறை புதிய கிழங்குகளைக் கடதாசிப் பையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் 3, 4 மாதங்கள் வையுங்கள். அப்பிள் போன்ற பழங்களுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும் பழத்திலிருந்து வரும் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். அதற்கு முன் அவசரமான வேலையொன்று இருக்கிறது. மூன்று நாட்களுக்கு மேல் பேசாதிருப்பது ஆகுமானதல்ல" என்றேன்.

அன்று அஸருக்குப் பின் ராத்தா ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு அயல்வீட்டுப் படியேறினார். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! உங்கள் வளவிலும் ஒரு செடி பூக்காமல் நிற்கலாம். அடுத்த வீட்டை நோக்குமுன் அதன் தேவை என்னவென்று தேடிப் பாருங்கள்.