இடுப்பில் ஆட்டு ரத்தத்துடன் அலைந்த கோவை தொழிலாளி!

கோவை:-

கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பிளாடரில் ஓட்டை போட்டார். ஆட்டு ரத்தத்தை நிரப்பி, துணிக்குள் மறைத்துக் கட்டிக் கொண்டார். நடந்தார். ஓடினார். சைக்கிள் மிதித்தார். அவ்வப்போது பிளாடரை அமுக்கி ரத்தத்தைக் கசிய விட்டார்!

தான் செய்த நாப்கின் தாங்குமா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு. அவர் பெயர் அருணாசலம் முருகானந்தம். கைத்தறி நெசவாளியின் மகன். 14 வயதில் படிப்பை விட்டு, பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர்.

விவரம் வருமாறு:-

1998-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மாதவிலக்கு நாளில் மனைவி சாந்தி கந்தல் துணியை ஒளித்து எடுத்துப் போனதைப் பார்த்து விட்டார். நாப்கின் வாங்கினால் பால் காசில் கை வைக்க வேண்டும் என்றார் சாந்தி. கடையில் ஒன்று வாங்கிப் பார்த்தார். 10 காசு பஞ்சு 4 ரூபாய்க்கு விற்பது அவருக்கு உறைத்தது.

மாதம் ஒரு சோதனை

பஞ்சில் ஒன்று செய்து மனைவியிடம் கொடுத்தார். சரியில்லை என்று பதில் வந்தது. மாற்றிச் செய்தால் அடுத்த பதிலுக்கு ஒரு மாதம் காத்திருக்கணும். இப்படியே போனால் ஆயுசு போதாது! கூடப் பிறந்தவர்கள் மறுத்து விட்டனர். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்தார். 3 பேரே உட்கார்ந்து எல்லோருடைய கருத்துத் தாளையும் நிரப்பியது கையும் களவுமாகத் தெரிந்தது.

அப்புறம்தான் பிளாடர். கூடப் படித்த கறிக்கடைக்காரர், ஆடு அறுக்கப் போகும்போது வீட்டு வாசலில் சைக்கிள் பெல் அடிப்பார். ரத்தம் உறையாமல் இருக்க ரத்த வங்கி நண்பர் மருந்து கொடுத்தார்.

மனைவி பிரிந்தார்

கறை படிந்த துணியைப் பொதுக் கிணற்றடியில் துவைத்ததைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? நோய் என்றது. பேய் பிடிச்சிருச்சு என்றது. 18 மாதத்தில் சாந்தி தாய் வீடு போய் விட்டார். பிறகு தாயாரும் பிரிந்தார்.

ஆனால், சோதனை உண்மையைச் சொல்லி விட்டது. பஞ்சு சரிப்படவில்லை! அதை நம்பி முதலிலேயே மெஷின் போட்டிருந்தால் போட்ட பணம் அத்தனையும் போச்சு. கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழ் என்று கண்டுபிடிக்க 2 வருடம் 3 மாதம் ஆனது.

ரூ.65 ஆயிரம்

வெளிநாட்டு மெஷின் விலை ரூ.3½ கோடி. முருகானந்தம் தானே ஒன்றைச் செய்தார். மிக்சி மாதிரி மரக்கூழைப் பொடித்துப் பஞ்சாக்கும். முதல் மாதிரி பெரும்பாலும் மரத்தால் ஆனது. விலை சுமார் ரூ.65 ஆயிரத்துக்கு இறங்கியது. 943 பேர் கலந்து கொண்ட போட்டியில் அது முதல் பரிசு பெற்றது. ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் பரிசு வழங்கினார். 5½ வருடத்துக்குப் பின் சாந்தி திரும்பி வந்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் புது மெஷின் வாங்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். கையில் கிடைப்பதை வைத்து முதலில் சோதித்துப் பார்த்தால், தோற்றாலும் நஷ்டம் ஒரு பிளாடரோடு போகும். வீடு மிஞ்சும்!