ஜிம்னிக்கு லிஃப்ட் கிட்: ஸ்பிரிங்கை மட்டும் பார்த்து வாங்கலாமா?

மாருதி ஜிம்னியோ மஹிந்திரா தாரோ வாங்கிய சில மாதங்களிலேயே, வண்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வந்துவிடுகிறது. கடையில் பேச்சு “எத்தனை இன்ச்?” என்பதில்தான் தொடங்கும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டியின் எந்த இடம் தரையில் இடிக்கிறது?

ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் ஒரே துண்டாக அமைந்த கனமான ஆக்ஸில், அதன் மேல் காயில் ஸ்பிரிங். இந்த அமைப்பு இன்றைய சிறிய வண்டிகளில் அரிது. 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று நிறுவனம் சொல்கிறது. கரடுமுரடான பாதையில் பாறையை முதலில் தொடுவது பெரும்பாலும் ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மி.மீ. தூக்கினாலும் அந்தக் கூடு ஒரு மி.மீ. கூட உயராது. ஆக்ஸில் சக்கரங்களோடு பிணைந்தது. ஸ்பிரிங் தூக்குவது அதற்கு மேலே இருக்கும் சேஸியையும் பாடியையும் மட்டுமே.

கூட்டை உயர்த்த வேண்டுமென்றால் டயரைத்தான் மாற்ற வேண்டும். அதிலும் கிடைப்பது விட்டத்தில் பாதிதான். கம்பெனி டயரான 195/80 ஆர்15-இன் விட்டம் கணக்குப்படி 693 மி.மீ. பலர் போடும் 235/75 ஆர்15 டயருக்கு 733 மி.மீ. வித்தியாசம் 40 மி.மீ., ஆக்ஸில் உயர்வது 20. இதோடு ஸ்பீடோமீட்டர் காட்டுவதை விட வண்டி ஏறத்தாழ 6 சதவீதம் வேகமாக ஓடும். ஏற்றத்தில் எஞ்சின் திணறுவதும் தெரியும்.

அப்படியானால் சஸ்பென்ஷனைத் தூக்குவது எதற்கு? வயிற்றுக்காக. மூன்று கதவு ஜிம்னியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,250 மி.மீ.; 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வண்டியில் 2,590 மி.மீ. வயிறு நீண்டதால், மேட்டின் உச்சியைத் தட்டாமல் கடக்கும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைந்துவிட்டது. சஸ்பென்ஷன் லிஃப்ட் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். முன்பக்க பம்பரும் உயரும். பெரிய டயர் உரசாமல் மேலும் கீழும் ஆட இடமும் கிடைக்கும். ஐந்து கதவு ஜிம்னிக்கு 40 மி.மீ. போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு மி.மீ.க்கும் இன்னொரு பாகத்தைத் திருத்த வேண்டிவரும்.

ஏன் என்று பார்ப்போம். ஜிம்னியின் முன் ஆக்ஸிலைப் பிடித்திருப்பவை மூன்று: சேஸியிலிருந்து முன்னோக்கி வரும் இரண்டு ஆர்ம்கள், குறுக்கே போகும் ஒரு லேட்டரல் ராடு. சேஸி உயரும்போது ஆர்ம்களின் பின் முனையும் கூடவே உயர்கிறது. முன் முனையைப் பற்றியிருக்கும் ஆக்ஸில் முன்பக்கமாகச் சற்றுச் சுழல்கிறது. ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணம் இதனால் குறைகிறது. வளைவைக் கடந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது இந்தக் கோணத்தின் வேலை. அது குறைந்தால் நான்கு வழிச்சாலையில் வண்டி அலைபாயும், ஓட்டுபவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அலைன்மென்ட் கடையில் இதைச் சரிசெய்ய முடியாது. கம்பெனி அமைப்பில் அவர்கள் திருத்தக்கூடியது டோ ஒன்றைத்தான், அதாவது முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை. கேஸ்டரை மீட்க, துளை மையம் விலகிய புஷ்களோ, ஆர்மின் சேஸி முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டோ, கோணம் திருத்திய புதிய ஆர்ம்களோ வேண்டும்.

லேட்டரல் ராடின் ஒரு முனை சேஸியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் இருக்கிறது. வண்டி உயர்ந்தால் ராடு இன்னும் சாய்வாகி ஆக்ஸிலை ஒரு பக்கமாகச் சில மி.மீ. இழுத்துக்கொள்ளும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் தீர்ந்தது. பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் இரண்டும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைக்காத அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

2020-இல் வந்த தாரின் கதை வேறு. அதன் முன் சக்கரங்கள் தனித்தனியே ஆடுபவை. முன் டிஃபரன்ஷியல் சேஸியில் பொருத்தப்பட்டது. எனவே லிஃப்ட் போட்டால் முன்பக்கம் அதுவும் உயரும். பின் ஆக்ஸில் ஜிம்னியைப் போன்றதே, அங்கே கூடு உயராது. முன்பக்க ஷாக்கின் தலையில் ஸ்பேசர் வைப்பது மலிவான வழி. ஆனால் சக்கரம் தொங்கும்போது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்டும் பால் ஜாயின்டும் வடிவமைத்த கோணத்தைத் தாண்டி வளைகின்றன. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறினால் ஜாயின்ட் நீண்ட நாள் தாங்காது. அதனால் தாருக்கு லிஃப்ட் வாங்குபவர், முன் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல் ஆர்ம் பற்றியும் கேட்க வேண்டும்.

இனி ஸ்பிரிங். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உயரத்தை வைத்தல்ல, வண்டியில் நிரந்தரமாக ஏறியிருக்கும் எடையை வைத்து. காயில் கம்பியின் தடிமன் கூடினால் விறைப்பு நான்காம் அடுக்கில் கூடும். மற்ற அளவுகள் மாறாமல் 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் ஸ்பிரிங் 38 சதவீதம் விறைப்பாகிவிடும். இரும்பு பம்பர், வின்ச், கூரையில் கூடாரம் என்று சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை, சுமார் 1,200 கிலோ எடையுள்ள வெறும் ஜிம்னியில் போட்டால் முதுகு வலிக்கும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தேடி இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். தரையில் படாத சக்கரத்தால் வண்டியைத் தள்ள முடியாது. கரடுமுரடான பாதைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. “ஹெவி டியூட்டி” என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடாமல், எத்தனை கிலோ கூடுதல் சுமைக்கானது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கோடு ஜோடியாக வரவேண்டும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு உயரமான ஸ்பிரிங் போட்டால், சக்கரம் இறங்கும் தூரத்தை ஷாக்கே மறித்து நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அதன் உள்பாகங்கள் இழுபட்டு அடிவாங்கும். மிக நீளமான ஷாக்கும் ஆபத்து. சக்கரம் முழுதாக மேலேறும்போது அது முதலில் அடிதட்டிவிடும். ஜல்லிப் பாதையில் நெடுந்தூரம் ஓடும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் சூடேறி, அடக்கும் திறன் குறையும். ஒற்றைக் குழாய் ஷாக் சூட்டை விரைவாக வெளியேற்றும். ஆனால் கல் பட்டு வெளிக்குழாய் நசுங்கினால் பிஸ்டனே மாட்டிக்கொள்ளும். இரட்டைக் குழாய் அடியைத் தாங்கும், சூட்டில் தளரும். பாறை நிறைந்த மலைப்பாதையில் மெல்ல ஏறுபவருக்கு நல்ல இரட்டைக் குழாயே போதும். பணம் குறைவென்றால் உயரத்தைக் குறையுங்கள், ஷாக்கின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பாகங்களுக்கு முன்பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருத்தும் நாளில் பட்டறையிலேயே நில்லுங்கள். ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளை, நான்கு சக்கரமும் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கிவிட்டால் ரப்பர் திருகிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மற்றொன்றைத் தொங்கவிட்டு, ஹோஸ் எங்கே உரசுகிறது, டயர் எங்கே படுகிறது என்று குனிந்து பாருங்கள். ஹெட்லைட் ஒளியைத் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் தாளில் டோவோடு கேஸ்டர் அளவையும் அச்சிட்டு வாங்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுபோங்கள்.