பியர்டட் டிராகன் குட்டிக்கு என்ன தீனி, எவ்வளவு வெயில்? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த பியர்டட் டிராகன் என்னும் தாடி ஓணான் இந்தியாவிலும் செல்லப் பிராணியாக வளர்க்கப்படுகிறது. வெயிலுக்குப் பழகிய பிராணி என்பதால் திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைரோடு, நிலக்கோட்டை வட்டாரத்தில் தானாகவே வளர்ந்துவிடும் என்று தோன்றலாம். அது உண்மையல்ல. சூடு ஒன்றை மட்டுமே ஊர் கொடுக்கும். குட்டிப் பருவத்தில் உயிரைக் காப்பவை புற ஊதா ஒளியும் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தும் தான்.

இது எவ்வளவு பெரிதாகும்? எத்தனை ஆண்டு வாழும்?

முட்டையிலிருந்து வரும்போது வாலோடு சேர்த்து சுமார் 10 செ.மீ. நீளமும் 2 முதல் 3 கிராம் எடையும் இருக்கும். ஏறத்தாழ ஓராண்டில் 45 முதல் 60 செ.மீ. வரை வளர்ந்துவிடும். முறையாகப் பராமரித்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். எனவே பள்ளி மாணவருக்காக வாங்கும் குட்டியை அவர் கல்லூரி முடிக்கும் வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும்.

வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா? பதிவு செய்ய வேண்டுமா?

வன உயிரின (பாதுகாப்பு) திருத்தச் சட்டம் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் நான்காம் அட்டவணையில் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் அயல்நாட்டு உயிரினங்கள் இடம்பெறுகின்றன. அந்த அட்டவணையில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர், 2024 பிப்ரவரி 28 அன்று வெளியான விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும். முன்பே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அதன் பிறகு பெறுவோருக்கு, கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். பியர்டட் டிராகனின் அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். வாங்குவதற்கு முன் இந்தப் பெயரை நடப்பு அட்டவணையோடு ஒப்பிட்டு, வனத் துறை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது பாதுகாப்பானது.

கடையில் என்ன ஆவணம் கேட்க வேண்டும்?

செல்லப் பிராணிக் கடைகள் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண், விற்பனை ரசீது, ரசீதில் அறிவியல் பெயர் ஆகிய மூன்றும் அவசியம். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்வதில்லை. சந்தைக்கு வருபவை வளர்ப்பிடங்களில் பிறந்தவையாக இருக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்படும் ஊர்வன சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுவதால், ரசீது இல்லாத குட்டியைத் தவிர்ப்பதே சரி.

குட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி?

நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10 முதல் 15 நிமிடத்துக்குள் தின்னும் அளவு பூச்சி கொடுக்கலாம். நான்கு மாதத்துக்குப் பின் வேளையை ஒன்று அல்லது இரண்டாகக் குறைக்கலாம். குட்டியின் உணவில் பெரும்பங்கு பூச்சி, மீதி கீரை. ஓராண்டு கடந்தால் இது தலைகீழாகி, தினமும் கீரையும் வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் பூச்சியும் போதும். எந்தப் பூச்சியும் குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

எந்தப் பூச்சி நல்லது? இங்கே கிடைக்குமா?

வளர்த்து விற்கப்படும் கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான் ஆகியவை அன்றாடத் தீனிக்கு ஏற்றவை; மீல்வார்ம் புழுவின் மேல்தோல் கடினமானது என்பதால் சிறு குட்டிக்கு ஏற்றதல்ல. திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் பட்டு வளர்ப்பு நடப்பதால் மென்மையான பட்டுப்புழுவும் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் நோய் தாக்கி ஒதுக்கப்பட்ட புழுவையும், கிருமிநாசினித் தூள் தூவிய தட்டிலிருந்து எடுத்ததையும் கொடுக்கக் கூடாது. எந்தப் பூச்சியானாலும் முதல் நாளே அதற்குக் கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்துவிட வேண்டும். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் குட்டிக்கும் போய்ச் சேர்கிறது.

வயலில் பிடித்த வெட்டுக்கிளியைக் கொடுக்கலாமா?

கூடாது. கொடைரோடு, நிலக்கோட்டை வட்டாரத்தில் திராட்சைக்கும் மல்லிகைக்கும் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். மருந்து பட்டு இன்னும் சாகாத பூச்சியே கையில் எளிதாக அகப்படும், சில கிராம் எடையுள்ள குட்டிக்கு அந்த நஞ்சே போதும். வீட்டுக் கரப்பானுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மின்மினிப் பூச்சியின் உடலிலேயே கொல்லும் நஞ்சு இருப்பதால், மருந்து படாததாக இருந்தாலும் அதை ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது.

கீரை, காய், பழத்தில் எவை சேரும்?

முருங்கை இலை, மல்பெரி இலை, செம்பருத்திப் பூ, துருவிய பரங்கிக்காய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி மாற்றி மாற்றி வைக்கலாம். பாலக், சிறுகீரை, பருப்புக்கீரை ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது என்பதால் அவற்றை அன்றாடம் கொடுப்பது நல்லதல்ல. பழம் வாரத்துக்கு ஒரு சிறு துண்டு போதும். கொடைக்கானல் கீழ்மலையில் விளைந்து வரும் பட்டர் ஃப்ரூட் இதற்கு நஞ்சு.

கால்சியம் தூள் கட்டாயமா?

கட்டாயம். குட்டிக்கு வாரத்தில் ஐந்து நாள், ஒரு வேளைப் பூச்சியின் மீது பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் தூளை மெல்லியதாகத் தூவிக் கொடுக்க வேண்டும். வைட்டமின் கலவை வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை. இது தவறினால் தாடை மென்மையாகி, கால் வளைந்து, உடல் நடுங்கும் எலும்பு நோய் வரும். வளைந்த எலும்பு பின்னர் நேராவதில்லை.

வெயில் ஊரில் விளக்கு எதற்கு?

சுண்ணாம்புச் சத்து உடலில் சேர டி3 வைட்டமின் வேண்டும். அது தோலில் உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். இந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வராது, சாதாரண எல்.இ.டி. பல்பிலும் கிடையாது. ஊர்வனவற்றுக்கான யு.வி.பி. குழல் விளக்கை, பெட்டியில் அச்சிட்ட தூரத்தில் பொருத்தி நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் எரியவிட வேண்டும். வெளிச்சம் மங்காவிட்டாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் 6 முதல் 12 மாதத்துக்குள் குழலை மாற்றுவது அவசியம்.

சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்குமா?

தொட்டியில் வெப்ப விளக்கு உள்ள முனை சுமார் 40 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் தனித்தனித் தெர்மாமீட்டர் தேவை. கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது குளிர்ந்த முனை என்பதே இல்லாமல் போய்விடும். அப்போது பகலில் வெப்ப விளக்கை மட்டும் அணைத்து, தொட்டியைக் காற்றோட்டமான தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த முனையிலும் வாயைத் திறந்தபடியே கிடந்தால் அது ஆபத்தின் அறிகுறி. கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் குட்டி இறந்துபோகலாம். காலை இளவெயில் காட்டுவதானால் பாதி நிழல் விழும் கம்பிவலைக் கூண்டில், ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணல் பரப்பலாமா? இரண்டு குட்டிகளைச் சேர்த்து வைக்கலாமா?

தீனியோடு மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளோ சொரசொரப்பான ஓடுகளோ போதும். இரண்டு குட்டிகள் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றன் வாலையும் விரலையும் மற்றொன்று கடித்துவிடும், அறுந்த வால் மீண்டும் வளராது. வளர்ந்த ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி தேவை.

தண்ணீர் எப்படிக் கொடுப்பது?

ஆழமில்லாத தட்டில் தினமும் புதுத் தண்ணீர் வைக்கலாம். தட்டைக் கவனிக்காத குட்டிக்கு மூக்கு நுனியில் ஒரு சொட்டு விட்டால் நக்கிக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரப்பதம் ஏறுவதால் தொட்டிக்குள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திக் காற்றோட்டத்தை அதிகப்படுத்த வேண்டும். இல்லையேல் நுரையீரல் தொற்று வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாரம் ஒரு முறை சமையலறைத் தராசு அல்லாத தனி மின்னணுத் தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்தால், நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பிடிபடும். எடை குறைவது, குட்டி இரண்டு நாள் தின்னாமல் இருப்பது, நடுக்கம், மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைக் குட்டி வாங்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். கொடைரோட்டுக்கு அருகில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி தேனியில் உள்ளது.

குழந்தைகள் தொடலாமா?

நலமாக இருக்கும் பிராணியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். தீனித் தட்டை அடுப்படித் தொட்டியில் கழுவக் கூடாது.

வளர்க்க முடியாமல் போனால் சிறுமலை அடிவாரத்தில் விட்டுவிடலாமா?

விடக் கூடாது, தொட்டியில் வளர்ந்தது அங்கே பட்டினியிலோ பருந்துக்கோ பலியாகும், பிழைத்தால் தன் நோய்க் கிருமிகளை உள்ளூர் ஓணான்களுக்குப் பரப்பக்கூடும். அனுபவமுள்ள வேறொருவரிடம் ரசீதோடு ஒப்படைப்பதே முறை. பதிவு செய்த உயிரினம் என்றால் கைமாறுவதையும் பரிவேஷ் தளத்தில் தெரிவிக்க வேண்டும். மாற்றாக நட்சத்திர ஆமையையோ உடும்பையோ பிடித்து வளர்க்க நினைப்பது இதைவிடப் பெரிய தவறு: இரண்டுமே முதல் அட்டவணையில் உள்ளவை, வீட்டில் வைத்திருந்தாலே சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.