கண் நேராகும், பார்வை?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதி வெள்ளீஸ்வரர் கோயிலுக்குக் கண் குறை தீர வேண்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. மாவலி தாரை வார்க்கும்போது வண்டாகிக் கமண்டலத்தின் வாயை அடைத்த சுக்கிரனின் ஒரு கண்ணை வாமனர் தர்ப்பையால் குத்திவிட்டார். போன பார்வையைச் சுக்கிரன் இங்கே வழிபட்டுத் திரும்பப் பெற்றான் என்கிறது தல புராணம். கதீட்ரல் சாலை அகர்வால், தி.நகர் ராஜன், நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா, 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை எல்லாம் அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். மாறுகண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள இந்த மருத்துவமனைகளுக்குப் போகும் பெரியவர்களில் பலர் கேட்பதும் சுக்கிரன் பெற்ற வரத்தைத்தான். டாக்டரால் தர முடிவதோ வேறு.

மாறுகண் என்பது கண்ணின் நிலை. சோம்பேறிக் கண் என்பது மூளையின் பழக்கம். சிறுவயதில் ஒரு கண் விலகியிருந்தாலோ, இரண்டு கண்களின் பவர் பெரிதும் வேறுபட்டாலோ, மூளை ஒரு கண் அனுப்பும் படத்தை ஒதுக்கப் பழகிவிடுகிறது. பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து இதை ஆராய்ந்த ஹியூபெலும் வீசெலும் 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். குழந்தையாக இருந்தால் நல்ல கண்ணை மறைத்து, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுத்துத் திருத்தலாம். முப்பது வயதுக்குமேல் அதில் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. கண் விலகாமலே பார்வை மட்டும் மங்கியவர்களுக்கோ அறுவை சிகிச்சையால் ஆவது ஒன்றுமில்லை.

ஆனால் "வயசாயிடுச்சு, இனி கண்ணை நேராக்க முடியாது" என்று வீட்டில் சொல்வதும் தவறு. எந்த வயதிலும் நேராக்கலாம்.

இந்த அறுவை சிகிச்சையை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பெர்லின் மருத்துவர் டீஃபன்பாக். 1839-ல், மயக்க மருந்து வராத காலத்தில், ஏழு வயதுப் பையனுக்குச் செய்தார். கண்ணை வெளியே எடுத்துத் தைத்து வைப்பார்கள் என்று இன்றும் பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கண் ஒவ்வொன்றையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. வெண்விழியின் மேல்படலத்தில் சிறிதாகக் கீறி, அதிகமாக இழுக்கும் தசையைப் பின்னால் நகர்த்தித் தைப்பார்கள். தளர்ந்த தசையைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்குவார்கள். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. தசையை இழுக்கும்போது இதயத்துடிப்பு சட்டென்று குறையலாம் என்பதால் மயக்க மருந்து நிபுணர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். கண் சிவப்பு அடங்கச் சில வாரங்களாகும். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். இதை முன்பே சொல்லிவிடும் டாக்டரை நம்பலாம்.

பெரியவர்கள் விசாரிக்க வேண்டிய முக்கியமான ஆபத்து, இரட்டைப் பார்வை. ஒதுக்கப்பட்டிருந்த படம், கண் நேரானதும் வேறு இடத்தில் விழுந்து தெரியத் தொடங்கலாம். பெரும்பாலும் நாளடைவில் அடங்கிவிடும், அரிதாக நிலைத்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே முப்பட்டகக் கண்ணாடியை வைத்துச் சோதிக்கிறார்கள். 1961 கார் விபத்தில் வலக்கண் பார்வையைப் பெரும்பாலும் இழந்த கிரிக்கெட் வீரர் பட்டோடி, தனக்கு இரண்டு பந்துகள் தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஜனவரியிலேயே சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார். அதை எல்லாருக்கும் அளவுகோலாக்க முடியாது! நீரிழிவு, தைராய்டு, விபத்து என்று நடுவயதில் கண் விலகியவர்களின் கதை வேறு: அவர்களை வாட்டுவதே இரட்டைப் பார்வைதான். நரம்பு தானாகத் தேற மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்து, அதன்பிறகும் தீராவிட்டால் அறுவை சிகிச்சை பெரிய நிம்மதி தரும்.

இதை வெறும் அழகு சிகிச்சை என்று ஒதுக்குவது நியாயமில்லை. "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எதிரில் நிற்பவர் "என்னையா பாக்கறீங்க?" என்று திரும்பிப் பார்ப்பதன் சங்கடம் தெரியும். மத்திய ஆயுதப் படைக் காவலர் தேர்வு அறிவிப்பிலோ, மாறுகண் இருக்கக்கூடாது என்றே நிபந்தனை இருக்கிறது. உள்நோக்கி விலகிய கண் நேரானால் பக்கவாட்டுப் பார்வையும் விரிகிறது.

குழந்தைகள் பிரிவும் மாறுகண் பிரிவும் பல மருத்துவமனைகளில் ஒன்றுதான். நாற்பது வயதுக்காரர் பொம்மைகளுக்கு நடுவே காத்திருக்க நேரலாம். போகும்போது பள்ளிக் காலப் போட்டோக்களையும் எடுத்துப் போவது நல்லது. கண் எந்த வயதில் விலகத் தொடங்கியது என்பதை டாக்டர் அவற்றில் தேடுவார்.