கூடாரத்திற்கு ஏற்ற துணி எது?

கூடாரம் தமிழர்க்குப் புதியதன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு, வேந்தன் காட்டிடையே அமைத்த பாசறையை விரித்துரைக்கின்றது. வில்லை ஊன்றிக் கயிறு இழுத்துக் கட்டிய இருக்கைகளை அதில் காண்கிறோம். அன்று படைவீரர்க்கு உரியதாயிருந்த கூடாரம், இன்று சாரணர்க்கும் மாணவர் படையினர்க்கும் மலையேறுவோர்க்கும் ஹஜ் பயணிகட்கும் உறைவிடமாகியுள்ளது. கூடாரம் வாங்குவோர் முன் எழும் முதல் வினா, கான்வாசா, நைலானா என்பதே.

கான்வாஸ் என்பது பருத்தி நூலை நெருக்கி நெய்த தடித்த துணி. அதன் இழைகளினூடே காற்று சென்று வரும். ஆதலின் உள்ளே புழுக்கம் குறையும். மழையில் நனைந்ததும் நூல் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். புதிய கான்வாஸ் கூடாரத்தை முதலில் நனைத்து உலர்த்துவது இதன்பொருட்டே. எடை மிகுதி என்பது அதன் குறை. ஈரத்துடன் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும்.

நைலான், 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய செயற்கை இழை. அது எடை குறைந்தது, வலிமை மிக்கது, விரைவில் உலர்வது. நீர் புகாதிருக்க அதன்மேல் பூசப்படும் பூச்சு காற்றையும் தடுக்கும். எனவே மூச்சின் ஈரம் உட்புறத்தில் துளித்துளியாகத் திரளும். நெடுநாள் வெயிலில் கிடந்தால், கதிரவனின் புறஊதாக் கதிர்களால் துணி நலிவுறும்.

இவற்றுள் எதனைத் தேர்வது? திண்டுக்கல் சமவெளியின் வெயிலில் ஒரே இடத்தில் பல நாள் முகாமிடுவோர்க்குக் கான்வாஸ் ஏற்றது. அதனைச் சுமந்து செல்ல வண்டி உண்டு. சிறுமலையிலோ கொடைக்கானல் மலைகளிலோ சுமையை முதுகில் ஏற்றி நடப்போர்க்கு நைலானே துணை. அதனிலும் காற்றோட்டமுள்ள உட்கூடாரமும் மழை தடுக்கும் மேலுறையும் தனித்தனியே அமைந்ததைத் தேர்தல் நன்று.

ஆயின் நெருப்பின் முன் இரண்டும் ஒன்றே. பருத்தி பற்றி எரியும். நைலான் உருகிச் சொட்டி உடலைச் சுடும். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், மக்காவை அடுத்த மினாவில் ஹஜ் பயணிகளின் கூடாரங்களில் தீ மூண்டது. பலத்த காற்றில் அது பரவி, ஏறத்தாழ 70,000 கூடாரங்களை அழித்தது. நம் நாட்டினர் பலர் உட்பட 343 பேர் உயிர் துறந்தனர். அவர்தம் மறுமை வாழ்வை இறைவன் சிறப்பிப்பானாக! அதன் பின்னர், கண்ணாடி இழைத் துணியில் டெஃப்லான் பூசிய, தீயை எதிர்க்கும் கூடாரங்கள் ஆங்கு நிறுவப்பட்டன. கூடாரங்களுக்குள் சமையல் எரிவாயு அடுப்புகளும் தடை செய்யப்பட்டன.

நம் மாணவர் முகாம்கட்கு அத்தகைய விலையுயர்ந்த துணி கிட்டுவது அரிது. ஆனால் அடுப்பைக் கூடாரங்கட்கு அப்பால், காற்று செல்லும் திசையில் அமைக்கலாம். கூடாரங்களிடையே போதிய இடைவெளி விடலாம். வாயிலருகே மணலும் நீரும் நிறைத்த வாளிகளை வைக்கலாம். எத்துணியைத் தேர்ந்தாலும் இம்மூன்றையும் செய்த பின்னரே மாணவரை உறங்க அனுப்புதல் முகாம் பொறுப்பாளரின் கடமையாகும்.