பாதிரிக்குடியார் ரக்ஷை: அரிட்டாபட்டிக்கு ஒரு களப்பயணம்

களப்பயணம் என்றதும் மதுரைப் பள்ளிகளில் வழக்கமாக ஒரு பட்டியல் எழும். திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், வைகை அணை. கொஞ்சம் பணம் சேர்ந்தால் கொடைக்கானல். எங்கள் எட்டாம் வகுப்பிலும் ஒருமுறை அதே பட்டியல்தான் வந்தது. பேருந்து வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொன்னதும் பாதிப் பிள்ளைகள் தூக்கிய கையைக் கீழே இறக்கிவிட்டார்கள். பணம் குறைவாக ஆகும் இடம் எது என்று தேடியபோதுதான் அரிட்டாபட்டி நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் தேர்ந்தெடுத்த இடம் அது. இன்று, எந்த வகுப்பை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று சக ஆசிரியர்கள் கேட்டால் முதலில் அந்த ஊரைத்தான் சொல்கிறேன்.

ஊர் இருக்கும் இடம்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டத்தில், அழகர்மலைக்கு அருகே இருக்கிறது அரிட்டாபட்டி. மேலூர் செல்லும் நான்குவழிச் சாலையில் நரசிங்கம்பட்டி அருகே பிரிந்து சென்றால், வயல்களுக்கும் கண்மாய்களுக்கும் நடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரியத் தொடங்கும். ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். கழிஞ்சமலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். பெயர்களைக் கேட்டாலே அங்கு எது வாழ்ந்தது, எது விளைந்தது என்று ஊகிக்கலாம். பயணத்துக்கு முதல் நாள் வகுப்பறையிலேயே அந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சரிபார்க்கும் ஆர்வம் தானாக வந்துவிடும்.

குகையும் இரண்டு கொடையாளர்களும்

கழிஞ்சமலையில் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம் உண்டு. சமணத் துறவிகள் தங்குவதற்காக அங்கே கல்லில் படுக்கைகள் வெட்டப்பட்டன. மழைநீர் குகைக்குள் வழியாமல் இருக்க, மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி செதுக்கியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் நீர் அந்த விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். அறிவியல் ஆசிரியர்கள் இதைக் காட்டத் தவற வேண்டாம். வீட்டுச் சன்னல் மேல் இருக்கும் சிமெண்ட் தட்டின் அடியிலும் இதே வேலையைச் செய்யும் கோடு உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொன்னால், மறுநாள் வகுப்பே அதைப் பற்றிப் பேசும்.

அங்குள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 1971-லும் மற்றொன்று 2003-லும் கண்டறியப்பட்டன. முதலாவது, நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவர் இக்குகையைச் செய்து கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டாவது, இலஞ்சியைச் சேர்ந்த எளம்பேராதன் மகன் எமயவன் கொடுத்த கொடையைச் சொல்கிறது. நெல்வேலி என்பது இன்றைய திருநெல்வேலி என்றும், இலஞ்சி என்பது குற்றாலத்துக்கு அருகிலுள்ள இலஞ்சி என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு 150 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊர்க்காரர்கள் இந்தப் பாறைக்கு ஏன் கொடை தந்தார்கள்? எந்த வழியாக வந்தார்கள்? வரைபடத்தை விரித்து இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். சமூக அறிவியல் வகுப்பு அங்கேயே நடந்துவிடும்.

தமிழாசிரியர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. 'கொடுப்பித்தோன்' என்று நாம் எழுதும் சொல், கல்வெட்டில் 'கொடுபிதோன்' என்று இருக்கிறது. இரட்டிக்கும் ஒற்றை அக்கால எழுத்துமுறையில் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். ஒற்று விடுவதற்காக நம்மிடம் தினமும் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். எழுத்துமுறை காலந்தோறும் மாறி வளர்ந்திருக்கிறது என்ற பாடமும் அதனோடு சேர்ந்து மனத்தில் பதியும்.

நேரம் இருந்தால், பக்கத்திலுள்ள மாங்குளம் மீனாட்சிபுரம் மலையைப் பற்றியும் சொல்லலாம். 1882-இல் ராபர்ட் சீவெல் அங்கே கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அவற்றில் வருவதைப் பின்னர் ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் மிகப் பழைமையானவையாக அவை மதிக்கப்படுகின்றன.

ஒரு சொல்

குகையை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. முக்குடையின் கீழ் அமர்ந்த கோலம். அதன் கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. குகைக் கல்வெட்டுகளுக்கும் இதற்கும் இடையே சுமார் ஆயிரம் ஆண்டு இடைவெளி. தமிழ்-பிராமி வளர்ந்து வட்டெழுத்தானதை ஒரே மலையில் நின்று காட்ட முடிவது அரிது.

திருப்பிணையன் மலை என்று இம்மலையின் பழைய பெயரை அந்தக் கல்வெட்டு தருகிறது. சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற சமணத் துறவி. யானைமலை, கருங்காலக்குடி முதலிய இடங்களிலும் இவர் பெயர் கல்லில் இருக்கிறது. கல்வெட்டின் முடிவில் இந்தத் திருமேனி 'பாதிரிக்குடியார் ரக்ஷை' என்று எழுதியிருக்கிறது. ரக்ஷை என்றால் காப்பு. சிற்பத்தைக் காக்கும் பொறுப்பு அரசனுக்கோ படைக்கோ தரப்படவில்லை, பாதிரிக்குடி ஊராருக்குத் தரப்பட்டிருக்கிறது. இவ்வூரின் பழைய பெயரே பாதிரிக்குடி என்று சொல்வோரும் உண்டு.

இந்தச் சொல்லை நான் பிள்ளைகளுக்கு விளக்கியது ஒரு சங்கடமான சூழ்நிலையில். மலையடிவாரத்துக்கு வந்ததும் எல்லாரும் மேலே ஓடிவிட்டார்கள். மூச்சு வாங்கி நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு பையன் கூர்ங்கல்லால் பாறையில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்பு வந்துபோனவர்கள் எழுதிய பெயர்கள் பக்கத்திலேயே இருந்தன. நான் சத்தம் போட்டேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குறுக்கே வந்து, "டீச்சரம்மா, பிள்ளைய வையாதீக. இது இன்னதுன்னு அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அழைத்து வந்தது நான். சொல்லித் தராமல் ஓடவிட்டதும் நான். பிள்ளைகளை உட்காரவைத்து, அதன் பிறகுதான் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். கடைசிச் சொல்லுக்குப் பொருள் சொன்னபோது அந்தப் பையன் தலையை நிமிர்த்தவே இல்லை.

குடைவரைக் கோயில்

மலையின் மற்றொரு பக்கத்தில் சிவனுக்குரிய குடைவரைக் கோயில் இருக்கிறது. முற்காலப் பாண்டியர் காலத்தது. கருவறையும் லிங்கமும் தாய்ப்பாறையிலேயே குடையப்பட்டவை. இங்குள்ள இலகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதானது. பாசுபத சைவத்தின் ஆசானாகப் போற்றப்படும் இலகுலீசரின் வழிபாடு மேற்கு இந்தியாவில் தோன்றிப் பரவியது. சமணமும் சைவமும் பக்கம் பக்கமாக இருந்த ஊர் இது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பாறையிலிருந்து கண்மாய்க்கு

அரசின் அறிவிப்பின்படி இப்பகுதியில் 72 ஏரிகளும் கண்மாய்களும், 200 இயற்கைச் சுனைகளும், 3 தடுப்பணைகளும் உள்ளன. மதுரை போன்ற வறண்ட சமவெளியில் இவ்வளவு நீர்நிலைகள் எப்படி? விடை அந்த மொட்டைப் பாறைகளில் இருக்கிறது. பெய்யும் மழையில் ஒரு பகுதி பாறை இடுக்குகளில் இறங்கிச் சுனையாகத் தேங்குகிறது. மற்றது சரிவில் ஓடி அடிவாரக் கண்மாயில் சேர்கிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். இங்குள்ள ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது என்று அரசுக் குறிப்பு சொல்கிறது.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இங்கே பாதுகாக்கப்பட்ட பரப்பு 193.215 ஹெக்டேர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர்? எங்கள் பிள்ளைகள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 1,93,21,500 லிட்டர். சுழியங்களை எண்ணி முடித்ததும் ஒரு மாணவி, "இந்த மலையை வெட்டிட்டா இவ்வளவு தண்ணியும் எங்க போகும் டீச்சர்?" என்று கேட்டாள்.

வானத்தில் பார்க்க வேண்டியவை

இப்பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. வல்லூறுகள் தாமாகக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ வேறு பறவை விட்டுச்சென்ற கூட்டிலோ முட்டையிடும். ஆகவே செங்குத்துப் பாறை போய்விட்டால் அவற்றுக்கு வீடு இல்லை. ஷாகின் வல்லூறு உலகின் மிக வேகமான பறவையான பொரி வல்லூறின் உட்சிற்றினம். இரையை நோக்கிப் பாயும்போது பொரி வல்லூறின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியவையும் இங்கு உண்டு. பகலில் கண்ணில் படுவது கடினம்.

பாதுகாப்பு எப்படி வந்தது

உயிரியல் பன்மைச் சட்டம், 2002-இன் 37-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்து பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. அதன்படி 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடு இரண்டாவது தலமாயிற்று.

அறிவிப்பு வந்த இரண்டே ஆண்டுகளில் சோதனையும் வந்தது. 2024 நவம்பரில், இவ்வூரை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி வெளியானது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு மதுரைவரை பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. குடிமையியல் பாடத்தில் கிராம சபை, சட்டமன்றம், ஒன்றிய அரசு என்று மூன்று தனித்தனிப் பெட்டிகளாக இருப்பவை, ஒரு கண்மாய்க்காக ஒன்றோடொன்று பேசிய நிகழ்வு இது. எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தை இதை வைத்துத்தான் நடத்துகிறேன்.

அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு

தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பெற்ற பிறகே புறப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். ஊரைப் பற்றிச் சொல்லக்கூடியவர் ஒருவரை அவர்களே ஏற்பாடு செய்ய வாய்ப்புண்டு. மழை பெய்த அன்றும் மறுநாளும் பாறை வழுக்கும், பயணத்தைத் தள்ளிவையுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் மலையடியில் இருப்பது நல்லது. சுனைகளிலும் கண்மாய்களிலும் யாரையும் இறங்க விடாதீர்கள். குளிர்காலமும் முன்கோடையும் வல்லூறுகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம்; கூடுள்ள பாறைப் பக்கம் சத்தம் கூடாது. கல்வெட்டின் மீது சுண்ணக்கட்டி தடவிப் படிக்கக் கூடாது, கையால் தொடவும் கூடாது.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு மலையேற்றம் தேவையில்லை. கண்மாய்க் கரையில் பறவை எண்ணுதல், இலை சேகரித்தல், குன்றின் வடிவத்தை வரைதல் ஆகியவை போதும். உயர்நிலை வகுப்புகளில் தேசிய பசுமைப்படை, தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து எழுத்து, நீர், பறவை, ஊர்ப்பெயர் என்று ஆளுக்கொரு பொறுப்புக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, மலையேறும் முன்பே எதைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

அரிட்டாபட்டிக்குத்தான் வரவேண்டும் என்பதில்லை. உங்கள் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்திலும் ஒரு நடுகல்லோ, பழைய மடையோ, கோயில்காடோ இருக்கும். அதைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னாலே ஒரு களப்பயணம் தொடங்கிவிடுகிறது.

அடுத்த ஆண்டு புதிய எட்டாம் வகுப்பை அழைத்துச் சென்றேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்தப் பையன் தானும் வருவதாகக் கேட்டுக்கொண்டு வந்தான். மலையடியில் எல்லாரும் ஓடக் கிளம்பியபோது அவன் முன்னால் போய்க் கையை விரித்து மறித்தான். "முதல்ல டீச்சர் சொல்றதைக் கேளுங்கடா. அப்புறம் ஏறலாம்" என்றான்.