தானே திரும்பும் கழுத்து

கொடுமுடிப் பக்கம் கழுத்து ஒருபுறம் இழுத்துக்கொண்டால் முதலில் தேடுவது சுளுக்கு எடுப்பவரைத்தான். தூக்கத்தில் வந்த பிடிப்பென்றால் இரண்டு மூன்று நாளில் அதுவே விட்டுவிடும். வாரக்கணக்கில் தலை ஒரே பக்கம் தானாகத் திரும்பி, நடுங்கி, தூங்கும்போது அடங்குகிறதா? அது ‘சர்விகல் டிஸ்டோனியா’வாக இருக்கலாம். மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகளிலிருந்து தசைகளுக்குத் தவறான கட்டளை வருவதே காரணம். கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கெடுப்பதால் இது தீராது. அப்படித் திருப்பினால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் அபாயமும் உண்டு.

பலருக்கு மோவாயை விரலால் லேசாகத் தொட்டாலே தலை நேராகிவிடும். இது இந்நோயின் அடையாளம். அதைப் பார்த்து “வேணும்னே பண்றான்” என்று வீட்டார் சொல்வது பெருங்கொடுமை.

வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய சில நாளில் கழுத்து முறுக்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிவிடும். இளவயதினருக்கு, உடலில் தாமிரம் சேரும் வில்சன் நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

நீடிக்கும் முறுக்கலுக்கு முதல் சிகிச்சை ஒரு நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியில் வளரும் கிருமி சுரக்கும் பாட்டுலினம். ஜெர்மன் மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் 1820களிலேயே இந்நஞ்சை ஆராய்ந்து, மருந்தாகவும் உதவலாம் என்று எழுதினார். சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதை மாறுகண்ணுக்குச் செலுத்திக் காட்டினார். அமெரிக்கா 1989இல் கண் நோய்களுக்கும் 2000இல் கழுத்துக்கும் அனுமதித்தது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிவராமல் அது தடுப்பதால், இழுக்கும் தசை தளர்கிறது. மிகச் சிறிய அளவுதான். எந்தத் தசை இழுக்கிறதென்று பார்த்து அதில் மட்டும் போடுவார்கள். ஓரிரு வாரத்தில் தெரியும் பலன் ஏறக்குறைய மூன்று மாதம் நிற்கும். பிறகு மறுபடி போட வேண்டும். சிலருக்கு விழுங்கச் சிரமம் வரும். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். விலைதான் நம்மவர்களுக்குப் பெரிய தடை. ட்ரைஹெக்ஸிஃபெனிடில், குளோனசெபாம் மாத்திரைகளும் பிசியோதெரபியும் ஓரளவு துணைசெய்யும்.

ஊசிக்கும் அடங்காதவர்களுக்கு மூளையில் மின்முனை பதிக்கும் அறுவை இருக்கிறது. இந்தியாவில் இதன் முன்னோடி வேலைகள் சென்னையிலேயே நடந்தவை. மூளையில் பிறழும் இடத்தைக் குறிபார்த்துச் செய்யும் ஸ்டீரியோடாக்டிக் அறுவைகளை 1960களில் அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா குழுவினர் செய்தார்கள்.

கொடுமுடியில் ரயிலேறினால் ஈரோடு. அங்கோ கோவையிலோ நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாம். போகுமுன் தலை திரும்புவதைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.